மதுரை ஆலோசனை அறையில் ரோஜர்ஸும் பீஸ்டெக்கும்

துன்பத்தோடு வரும் ஒருவரை எதிரே உட்காரவைத்துப் பேசியே உதவுவது எப்படி என்பதற்கு 1957ஆம் ஆண்டில் இரண்டு விடைகள் வெளிவந்தன. ஒன்று, உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் எழுதிய சில பக்கக் கட்டுரை. மற்றது, இயேசு சபைத் துறவியும் சமூகப்பணிப் பேராசிரியருமான ஃபெலிக்ஸ் பீஸ்டெக் எழுதிய ‘தி கேஸ்வொர்க் ரிலேஷன்ஷிப்’ என்ற நூல். ரோஜர்ஸ் அதுவரை 12 ஆண்டுகள் இருந்தது சிகாகோ பல்கலைக்கழகம். பீஸ்டெக் இருந்தது அதே நகரின் லயோலா பல்கலைக்கழகம்.

அழகர்கோவில் சாலையில் இருக்கும் மதுரை சமூக அறிவியல் கல்லூரி போல சமூகப்பணி முதுகலைப் படிப்பு (எம்.எஸ்.டபிள்யூ.) நடத்தும் இடங்களில் எல்லாம் இந்த இரண்டும் பாடமாக வருகின்றன. பீஸ்டெக் கேஸ்வொர்க் (தனிநபர் சமூகப்பணி) தாளில் வருவார், ரோஜர்ஸ் கவுன்சலிங் தாளில் வருவார். ஏழு கோட்பாடுகள், மூன்று நிபந்தனைகள் என்று மாணவர்கள் எழுதிவிட்டு வருகிறார்கள். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ் ஏறி வந்த ஒரு பெண் எதிரே உட்காரும்போது இந்த இரண்டும் ஒரே வழியைக் காட்டுகின்றனவா என்ற கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். பல இடங்களில் ஒரே வழியைத்தான் காட்டுகின்றன. சில முக்கியமான இடங்களில் பிரிகின்றன. அப்படிப் பிரியும் இடங்களில், இந்த வட்டாரத்துச் சமூகப் பணியாளர் பீஸ்டெக்கை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும், ரோஜர்ஸை அதற்குமேல் கட்ட வேண்டும் என்பது என் துணிபு.

ரோஜர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வருமுன் ரோசெஸ்டர் நகரில் 12 ஆண்டுகள் குழந்தைகள் நல அமைப்பொன்றில் வேலை பார்த்தவர். சமூகப் பணியாளர்கள் நடுவில் வளர்ந்த உளவியலாளர் என்றே அவரைச் சொல்லலாம். அங்கே ஒரு தாய், அடங்காத மகனுக்காக வந்துகொண்டிருந்தார். பிள்ளையை நீங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை, அதுதான் சிக்கல் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார் ரோஜர்ஸ். ஒன்றும் நகரவில்லை. முயன்றது போதும் என்று இருவரும் முடித்துக்கொண்ட நேரத்தில், வாசல்வரை போன அந்தத் தாய் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று கேட்டார். திரும்ப வந்து உட்கார்ந்து தன் மணவாழ்க்கையின் வேதனையைக் கொட்டினார். எது வலிக்கிறது, எந்தப் பக்கம் போகவேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்று தனக்கு உறைத்தது அன்றுதான் என்று ரோஜர்ஸ் பின்னாளில் எழுதினார். மதுரையில் பள்ளிக்கூட ஆலோசகர் யாரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார். “பய படிக்க மாட்டேங்குறான் மேடம்” என்று வந்த அம்மா எழுந்து போகும் நேரத்தில்தான் சொல்லவந்ததைச் சொல்லத் தொடங்குவார்.

1957 கட்டுரையில் ரோஜர்ஸ் ஆறு நிபந்தனைகளைச் சொன்னார். அவற்றில் மூன்றுதான் பாடநூல்களில் நிலைத்தன: உதவுபவர் உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பது, வந்தவரை நிபந்தனையில்லாமல் மதிப்பது, அவருடைய உலகத்தை அவர் கண்ணால் பார்க்கும் ஒத்துணர்வு. மூன்றும் உதவுபவரின் மனத்தைப் பற்றியவை.

பீஸ்டெக் தொடங்கும் இடம் வேறு. உதவி கேட்டு வருகிற எவருக்கும் ஏழு தேவைகள் உண்டு என்கிறார். என்னைப் பத்தோடு பதினொன்றாக நடத்தாதே. என் மனத்தில் உள்ளதைச் சொல்லவிடு. நான் சொல்வதற்கு உன் முகம் அசையட்டும், ஆனால் நீ உடைந்துவிடாதே. என்னை இருக்கிறபடி ஏற்றுக்கொள். என்மேல் தீர்ப்புச் சொல்லாதே. முடிவை என்னிடம் விடு. சொன்னதை வெளியே சொல்லாதே. ஒவ்வொரு தேவையும் ஒரு கோட்பாடாகிறது. ஒவ்வொரு கோட்பாடும் மூன்று திசையில் ஓடுகிறது: வந்தவரின் தேவை, அதற்குப் பணியாளர் காட்டும் பதில், அந்தப் பதிலை வந்தவர் உணர்வது. மூன்றாவது நடக்காவிட்டால் முதல் இரண்டும் வீண். வந்தவர் ஓரளவாவது அதை உணர வேண்டும் என்பதை ரோஜர்ஸும் தன் ஆறாவது நிபந்தனையாக வைத்திருந்தார். பாடநூல்கள் அதைத்தான் கைவிட்டன.

கேட்கும் திறனில் இருவருக்கும் சண்டை இல்லை. சிக்கல் நம் வகுப்பறையில் இருக்கிறது. சொன்ன உணர்வைத் திருப்பிச் சொல்லிக் காட்டும் உத்தி ரோஜர்ஸ் பெயரால் கற்பிக்கப்படுகிறது. அது கிளிப்பிள்ளைப் பாடமாகத் திரிந்ததைக் கண்டு நொந்து, பல ஆண்டுகள் அதைப் பற்றிப் பேசுவதையே தவிர்த்ததாக 1975இல் அவரே எழுதினார். திருமங்கலம் பக்கத்துப் பெண் ஒருவர் “நெஞ்சு கெடந்து அடிச்சுக்குது, ராத்திரில கண்ணு மூடுனா தூக்கிப் போடுது” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “நீங்கள் பதற்றமாக உணர்கிறீர்கள்” என்று பணியாளர் திருப்பிச் சொன்னால், அந்தப் பெண் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். “ராத்திரி ஆனாத்தான் ரொம்ப அடிச்சுக்குதோ?” என்று அவர் சொல்லையே எடுத்து, அரை அடி முன்னே வைத்துக் கேட்டால், ராத்திரி வீட்டில் என்ன நடக்கிறது என்பது வெளியே வரும். இந்தச் சமவெளியில் துயரம் பெரும்பாலும் உடம்பின் வழியாகவே பேசுகிறது. தலைபாரம், கைகால் அசதி, நெஞ்சடைப்பு. அதை உடனே மனத்தின் மொழிக்கு மாற்றத் துடிப்பது ஒத்துணர்வுக்கு எதிரான செயல்.

இருவரும் பிரியும் முதல் இடம், பேச்சு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வரும் ஒரு சாதாரணக் கேள்வி. “மேடத்துக்கு எந்த ஊரு?” ஊரைச் சொன்னால், “அங்கன எந்தத் தெரு?” என்று அடுத்தது வரும். இந்தக் கேள்வி எதை அறிய விரும்புகிறது என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். எதிரே இருப்பவர் தன் சாதியா, தன்னை அடித்தவனின் சாதியா, தான் சொல்வது எந்தக் காதுக்குப் போகும் என்ற அச்சம் அதில் இருக்கிறது. ரோஜர்ஸ் சொல்லும் உண்மைத்தன்மை, மழுப்பாதே என்கிறது. அது எல்லாவற்றையும் கொட்டுவது அல்ல என்றாலும், பூசி மெழுகினால் வந்தவர் கண்டுபிடித்துவிடுவார். பீஸ்டெக் சொல்லும் கட்டுப்பாடுள்ள ஈடுபாடு, பேச்சு உன்னைப் பற்றியதாக மாறவிடாதே என்கிறது. கேள்விக்குப் பின்னால் உள்ள தேவைக்குப் பதில் சொல்லச் சொல்கிறது.

நான் பார்த்தவரை இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்தவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். “அதெல்லாம் இங்க கேக்கக் கூடாதும்மா” என்று சொல்பவர் கோட்பாட்டைக் காத்து ஆளை இழக்கிறார். தன் ஊர், தெரு, சொந்தபந்தம் எல்லாம் சொல்பவர் நெருக்கத்தைப் பெற்று அந்த அறையின் பொதுத்தன்மையை இழக்கிறார். ஊர்ப்பெயரை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, “நீங்க சொல்றது ஒங்க ஆளுக காதுக்குப் போயிருமோன்னு இருக்கா?” என்று அச்சத்தை நேரே தொட்டுவிடுவதே சரி. முதல் பாதி ரோஜர்ஸிடம் கற்றது, இரண்டாம் பாதி பீஸ்டெக்கிடம் கற்றது. பீஸ்டெக் மட்டுமே படித்தவரிடம் ஒரு குளிர்ந்த நாகரிகம் வந்துவிடும் ஆபத்து உண்டு. அதற்கு மருந்து ரோஜர்ஸின் உண்மைத்தன்மைதான்.

இருவரும் பிரியும் இரண்டாவது இடம் இன்னும் ஆழமானது. “நீங்களே சொல்லுங்க மேடம், நான் அவர்கூடப் போகட்டா, வேணாமா?” படித்தவர், படிக்காதவர் என்று வேறுபாடில்லாமல் வரும் கேள்வி இது. 1964இல் படமாக்கப்பட்டு உலகம் முழுவதும் பயிற்சி வகுப்புகளில் காட்டப்பட்ட உரையாடல் ஒன்றில், குளோரியா என்ற பெண் ரோஜர்ஸிடம் இப்படித்தான் கேட்கிறார். மணமுறிவுக்குப் பிறகான தன் உறவுகளைப் பற்றி மகளிடம் உண்மையைச் சொல்லலாமா என்று விடை கேட்டு மன்றாடுகிறார். ரோஜர்ஸ் விடை தரவில்லை. விடை அவருக்குள்தான் உருவாக வேண்டும் என்று காத்திருந்தார். அந்தப் படத்தில் அது அழகாகவே நடக்கிறது. ஆனால் குளோரியா அன்று இரவு எங்கே தூங்குவது என்று தெரியாமல் அங்கே வரவில்லை.

மதுரையின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அடிபட்டு வரும் பெண்ணுக்கு முன்னால் ரோஜர்ஸின் மௌனம் மட்டும் போதாது. பீஸ்டெக்கும் முடிவை வந்தவரிடமே விடுகிறார். ஆனால், என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று தெரியப்படுத்துவதைப் பணியாளரின் கடமையாக வைக்கிறார். வழி தெரியாதவருக்குத் தேர்வு என்று ஒன்று கிடையாது. பாதுகாப்பு அலுவலர் யார், பெண்கள் உதவி எண் 181க்கு அழைத்தால் என்ன நடக்கும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் காசில்லாமல் வக்கீல் கிடைப்பார், தங்கும் இடம் எத்தனை நாளுக்கு, பிள்ளையின் பள்ளிச் சான்றிதழை எப்படி எடுப்பது என்று எல்லாவற்றையும் மேசையில் பரப்பிய பிறகு, “இதுல எது ஒங்களுக்கு ஆகும்னு படுது?” என்று கேட்பதுதான் இங்கே சுயமுடிவு. “போ” என்றோ “போகாதே” என்றோ சொல்லாமல் இருப்பதற்குக்கூட அப்போதுதான் தகுதி வருகிறது.

பீஸ்டெக் இந்த உரிமைக்கு எல்லைகளையும் குறித்தார்: வந்தவரின் முடிவெடுக்கும் ஆற்றல், நாட்டுச் சட்டம், அறநெறி, நிறுவனத்தின் பணி எல்லை. இவற்றில் அறநெறி எனக்கு உறுத்துகிறது. யாருடைய அறநெறி? ஒரு துறவிக்கு அதில் ஐயம் இருந்திருக்காது. வேறு சாதியில் மணம் முடித்த பெண்ணிடம் பேசும் மதுரைப் பணியாளருக்கு, ஊரின் அறம் என்பதே அச்சுறுத்தலாக நிற்கும். இங்கே ரோஜர்ஸின் நிபந்தனையற்ற மதிப்புதான் துணை. சட்டத்தைப் பொறுத்தவரை பீஸ்டெக் சொல்வது நமக்கு உதவியாகவே இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி நீதித்துறை நடுவர் இருவரையும் தனித்தனியாகவோ சேர்த்தோ ஆலோசனைக்கு அனுப்பலாம். அந்த ஆலோசனையில், அடித்ததற்கு அடித்தவர் நியாயம் சொல்ல இடம் தரக்கூடாது என்று 2006ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. தீர்ப்புச் சொல்லாமை ஆளுக்குத்தான், அடிக்கு இல்லை. ஏற்பது என்றால் செய்ததை ஆமோதிப்பது என்று பொருளாகாது என்று பீஸ்டெக் பிரித்துக் காட்டியது இந்த இடத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

இரகசியம் ரோஜர்ஸின் நிபந்தனைகளில் இல்லை. அவர் அதை மதிக்காதவர் அல்லர். உறவின் உட்கூறுகளைத் தேடியவருக்கு அது வெளியே நின்றது. நம் ஊரிலோ எல்லாம் அதில்தான் தொடங்குகிறது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையத்தில் உட்காரும் ஆலோசகரை எடுத்துக்கொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், துணைவருக்கு ஆபத்து இருந்து, வந்தவர் தானாகச் சொல்லவும் மாட்டார் என்று உறுதியானால், அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு மருத்துவரோ ஆலோசகரோ துணைவருக்குத் தெரிவிக்கலாம் என்கிறது. சொன்னால் வந்தவர் அடிபடுவார், கைவிடப்படுவார் என்ற அச்சம் இருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், சொல்லக்கூடாது என்றும் சேர்த்தே கூறுகிறது. குழந்தைமேல் பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். மறைத்தால் தண்டனை. “இங்க சொல்றது எதுவும் வெளிய போகாது” என்று முதல் நிமிடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு அதை மீறும் பணியாளர், அந்தக் குழந்தை இனி எந்தப் பெரியவரையும் நம்பாதபடி செய்துவிடுகிறார். எதைக் காப்பேன், எதைக் காக்க முடியாது என்று முதலிலேயே எளிய பேச்சில் சொல்வது, எல்லாத் திறன்களிலும் முதலில் பழக வேண்டிய திறன். இதைக் கற்றுத்தரும் இடம் பீஸ்டெக்கின் ஏழாவது கோட்பாடு.

இருவருமே எழுதாத ஒன்று இருக்கிறது: கூட வந்தவர். மதுரைப் பக்கத்தில் யாரும் தனியாக ஆலோசனைக்கு வருவது அரிது. மாமியார், அண்ணன், அம்மா, பக்கத்து வீட்டு அக்கா, சில நேரம் ஊர்ப் பெரியவர். “என்னம்மா பிரச்சினை?” என்று கேட்டால் அந்தப் பெண் வாயைத் திறக்குமுன் பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வரும். ரோஜர்ஸின் அறையில் இருப்பவர்கள் இருவர். பீஸ்டெக்கின் அறையில் மூன்றாவதாக நிறுவனம் இருக்கிறது, குடும்பம் இல்லை. கூட ஆள் வந்தால், வந்தவர் தாமாக வந்தவர்தானா என்ற ஐயமும் கூடவே வருகிறது. அதில் ரோஜர்ஸுக்கு ஒரு பாடம் கிடைக்கத்தான் செய்தது. 1957இல் விஸ்கான்சின் போனவர், மனநல மருத்துவமனையில் இருந்தவர்களிடம் தன் முறையைச் சோதித்தார். விளைவு எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அவர்கள் தாமாக உதவி தேடி வந்தவர்கள் அல்லர். நம் அறைக்கு வருபவர்களில் பாதிப்பேர் அந்த வகைதான், கூட்டிவரப்பட்டவர்கள்.

கூட வந்தவரை எடுத்த எடுப்பில் வெளியே அனுப்பினால், வீட்டுக்குப் போனதும் அந்தப் பெண்ணுக்கு விசாரணை நடக்கும். அடுத்த முறை வரவே விடமாட்டார்கள். அனுபவமுள்ள பணியாளர் மாமியாரை முதலில் பேசவிடுகிறார். அவருடைய மனக்குறையையும் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார். “நீங்க சொன்னதக் கேட்டுக்கிட்டேன்ம்மா. இங்க வர்ற எல்லார்ட்டயும் கொஞ்ச நேரம் தனியாப் பேசுறது வழக்கம். முடிஞ்சதும் நானே கூப்புடுறேன்” என்று அதை அலுவலக வழக்கமாக்கிவிடுகிறார். வழக்கம் என்று சொன்னால் யாருக்கும் அவமானம் இல்லை. தனியே பேசி முடித்ததும், வெளியே என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று அந்தப் பெண்ணோடு சேர்ந்து முடிவுசெய்த பிறகே மாமியாரைக் கூப்பிடுகிறார்.

இந்தத் திறனை எந்தத் தாளிலும் தனியாகப் படிக்க முடியாது. ரோஜர்ஸ் 1940களிலேயே உரையாடல்களை இயந்திரத்தில் பதிவுசெய்து, 1942 நூலில் ஒரு முழுத் தொடரையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். நம் மாணவர்கள் களப்பணி முடிந்து அறைக்குப் போய் நினைவிலிருந்து எழுதுகிறார்கள். எழுதும்போது கூட வந்தவரின் பேச்சு முதலில் உதிர்ந்துவிடுகிறது. வகுப்பில் நடக்கும் நடிப்புப் பயிற்சியிலும் இரண்டு பேர் மட்டுமே உட்காருகிறார்கள். மூன்றாவதாக ஒரு மாணவரை மாமியாராக உட்காரவைத்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்லும்படி விட்டு, பணியாளராக நடிப்பவர் அதை எப்படிக் கையாளுகிறார் என்று பார்க்கலாம். களப்பணி அறிக்கையில் கூட வந்தவர் சொன்னதற்கென ஒரு பகுதி ஒதுக்கலாம். இரண்டுக்கும் புதிதாகப் பணமோ அனுமதியோ தேவையில்லை. வருகிற பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.