மெருகிட்ட மரத்தளத்திலிருந்து வண்ணப்பூச்சை அகற்றுதல்

மெருகிட்ட மரத்தளத்தில் சிந்திய, தெறித்த அல்லது முன்பு எவரோ பூசிவிட்டுப்போன வண்ணப்பூச்சை, அதன் அடியிலுள்ள மெருகுப்படலம் கெடாதவாறு நீக்குவது மரவேலைக்கும் வண்ணவேலைக்கும் பொதுவான பணியாகும். மெருகுப்படலம் என்பது பலகையின் மேல் தடவி உலரவிட்ட வார்னிஷ், அரக்குப் பாலிஷ், மெழுகு போன்ற காப்புப்பூச்சு; பாலியூரித்தேன் வார்னிஷை மூன்று முறை பூசிய தளத்திலும் அதன் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். கறையைக் கரைக்கும் திரவம் பல வேளைகளில் இப்படலத்தையும் சேர்த்தே கரைத்துவிடும் என்பதால், கறை எதனால் ஆனது என்று ஆராய்வதற்கு முன்பே மெருகு எதனால் ஆனது என்று தெரிந்துகொள்வது முறை.

அலமாரிக்கு அடியிலோ கதவு மறைக்கும் மூலையிலோ ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அரக்குப் பாலிஷ், அரக்குப்பூச்சி சுரக்கும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்யப்படுவது; எனவே அதே ஸ்பிரிட் மீண்டும் பட்டால் இளகிப் பிசுபிசுக்கும். நன்கு இறுகிய பாலியூரித்தேன் அவ்வாறு இளகாது. டர்பண்டைன் நனைத்த வெள்ளைத்துணியால் தேய்க்கும்போது துணியில் பழுப்பு நிற வழவழப்பு ஏறினால் அது மெழுகிட்ட தளம்.

வண்ணப்பூச்சுகளில் எமல்ஷன், எனாமல் என்ற இரண்டுமே தரையில் அதிகம் சிந்துபவை. எமல்ஷனில் நீரில் மிதக்கும் அக்ரிலிக் துகள்கள், நீர் ஆவியானதும் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன. ஈரமாக இருக்கையில் சோப்புநீரில் போய்விடும் இப்பூச்சு உலர்ந்தபின் நீருக்கு அசையாது எனினும், வெப்பத்துக்கும் ஸ்பிரிட்டுக்கும் இளகும் இயல்பை இழப்பதில்லை. எனாமலின் போக்கு வேறு. அதிலுள்ள எண்ணெய்ப்பிசின் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று வேதிப்பிணைப்புகளால் வலைபோல் இறுகுவதால், ஈரமாக இருந்தபோது கரைத்த டர்பண்டைன் பிறகு அதை அசைப்பதில்லை.

பாலியூரித்தேன் தளத்தில் காய்ந்த எமல்ஷன் திவலையின் மீது ஸ்பிரிட் நனைத்த சிறு துணியைச் சிறிது நேரம் வைத்து, அது தோல்போல் சுருங்கியதும் பிளாஸ்டிக் தகட்டால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தள்ளினால் பெரும்பாலும் முழுதாகவே உரிந்துவரும். ஸ்பிரிட்டைத் தரையில் ஊற்றுவது கூடாது. இளகிய வண்ணம் பலகை இடுக்குகளில் இறங்கிவிட்டால் அதைக் கூர்சீவிய மூங்கில் குச்சியால் அணு அணுவாகச் சுரண்ட வேண்டியதாகும். அரக்குத் தளத்தில் ஸ்பிரிட்டுக்கு இடமில்லை. முடிகாயவைக்கும் கருவியின் மிதமான சூட்டை அளவோடு காட்டித் தகட்டால் எடுப்பதே ஓரளவு பாதுகாப்பானது, எனினும் அரக்கும் சூட்டுக்கு இளகக்கூடியதே. எனாமல் துளிகள் வழுவழுப்பான மெருகின்மேல் பலமாகப் பற்றுவதில்லை என்பதால், தகட்டைத் தரையோடு படுத்தாற்போல் பிடித்து விளிம்பில் நெம்பினாலே பல தெறித்துவிடும்.

தளம் பாழாவது வண்ணத்தால் என்பதைவிட அவசரத்தில் எடுத்த தின்னரால் என்பதே உண்மைக்கு நெருக்கமானது. தின்னரும் அசிட்டோனும் மெருகை நொடிகளில் மங்கவைப்பவை. மெத்திலீன் குளோரைடு கலந்த பெயிண்ட் நீக்கிகள் மெருகோடு பணியாளரின் உயிருக்கும் ஊறு செய்பவை. அமெரிக்க அரசு 2019இல் பொதுமக்களுக்கு அவற்றை விற்பதைத் தடைசெய்தது. உப்புத்தாளால் தேய்ப்பது முழுத்தளத்துக்கும் மறுமெருகு இடுவதாக இருந்தால் மட்டுமே பொருந்தும். ஒட்டுப்பலகைத் தளத்திலோ அதற்கும் இடம் குறைவு, ஏனெனில் அதன் மேலடுக்கு சில மில்லிமீட்டருக்கு மேல் இராது.

பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசியாக்கலாகாது. அமெரிக்கா வீட்டு வண்ணங்களில் ஈயத்தை 1978இல் கட்டுப்படுத்தியது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு விதிகள் அதன் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்காக வரையறுத்தன.

எண்ணெய்ப்பூச்சு துடைத்த துணிகளைக் குவித்துப் போட்டால், உலரும் எண்ணெய் வெளிவிடும் சூடு உள்ளேயே தேங்கி அவை தானே தீப்பற்றக்கூடும். 1991 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் 38 மாடி மெரிடியன் பிளாசா கட்டடத்தில், மரவேலைக்குப் பயன்படுத்திய ஆளிவிதை எண்ணெய்த் துணிகளிலிருந்து இவ்வாறே தீ மூண்டு, மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தனர். ஆகவே இத்துணிகளைத் திறந்தவெளியில் தனித்தனியாக விரித்து உலர்த்துவதோ, மூடியுள்ள உலோக டப்பாவில் நீரில் அமிழ்த்தி வைப்பதோ வேலையின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படுகிறது.