ஓய்ந்து கிடந்த டிரான்ஸ்மிட்டர்

சென்னை ரேடியோவின் கதையில் ஒரு நீண்ட மௌனம் உண்டு. 1924-ல் கிருஷ்ணசாமி செட்டியார் முதலிய ஆர்வலர்கள் கிளப் அமைத்து, ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். 1927 அக்டோபரில் பணமுடை அதன் வாயை அடைத்தது. டிரான்ஸ்மிட்டர் கார்ப்பரேஷனுக்குப் போயிற்று; 1930 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னையின் குரல் மறுபடி எழுந்தது.

நெடுநாள் தூங்கிய வால்வுக் கருவியை எழுப்புவது லேசான காரியமல்ல. வேங்கிக்காலில் இத்தகைய கருவிகளைப் பழுது பார்க்கும் நண்பர் ஒருவரைக் கவனித்திருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவர் சட்டென்று உள்ளே கைவைப்பதில்லை. கண்டென்ஸரில் உயிர் குடிக்கும் மின்சாரம் ஒளிந்திருக்கலாம் அல்லவா? முதலில் அதை ரெஸிஸ்டர் வழியே வடித்துவிடுகிறார். பிறகு, மின்சாரம் வரும் வழியில் ஒரு பல்பைக் கோத்து விடுகிறார். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால், உள்ளே ஷார்ட்!

ஓய்ந்து கிடப்பதையெல்லாம் செத்துவிட்டதென்று எண்ணி அலட்சியமாகத் தொடுகிறவன்தான் சாகிறான்.