வாளியில் படியும் சிவப்பும் பங்களாதேஷின் கிணறுகளும்



இரண்டு கிழமைக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஊரின் மூத்தவர் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார். "மனே, புதுசா அடிச்ச குழாய்க் கிணத்துத் தண்ணி அள்ளக்குள்ள கண்ணாடி மாதிரி இருக்கு. கொஞ்ச நேரத்துல மஞ்சளாகி வாளியில சிவப்பாப் படியுது. இதக் குடிக்கலாமா?"

அந்தக் கிணறு மர்ஹூமான அவருடைய உம்மாவின் பெயரில் ஸதகதுல் ஜாரியாவாக அடிக்கப்பட்டது. மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய காசு. நின்ற நிலையில் நான் சொன்னது அரைகுறைப் பதில்தான். முழுப் பதில் சொல்வதென்றால் பங்களாதேஷின் ஐம்பது வருடக் கதையைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அந்தச் சிவப்பு என்ன என்று பார்ப்போம். நிலத்துக்கு அடியில் ஒட்சிசன் எட்டாத இடத்தில் இரும்பு தண்ணீரில் கரைந்து கிடக்கும். அப்போது அதற்கு நிறம் தெரியாது. மேலே வந்து காற்றுப் பட்டதும் அது ஒட்சியேற்றமடைந்து இரும்பு ஐதரொட்சைட்டாக மாறும். ஐதரொட்சைட்டு கரையாது. மெல்லிய துகளாகி அடியில் படியும். ஆணியில் பிடிக்கும் கறளும் செம்மண்ணின் நிறமும் இதே குடும்பம்தான்.

இந்தக் கறளுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அதன் துகள்கள் மிக நுண்ணியவை. ஒரு கரண்டித் தூளை விரித்தால் மேற்பரப்பு மட்டும் பெரிய வளவு அளவுக்கு வரும். அந்த மேற்பரப்பில் தண்ணீரில் வரும் பொசுபேற்று, ஈயம், ஆசனிக்கு போன்றவை ஒட்டிக்கொள்ளும். மண்ணிலும் ஆற்று அடையலிலும் நஞ்சைப் பிடித்து வைக்கும் காவற்காரன் இது. ஆனால் காற்றுள்ள வரைதான் இந்தக் காவல். ஒட்சிசன் தீர்ந்துவிட்டால் காவற்காரனே கரைந்துவிடுவான். பங்களாதேஷில் நடந்தது அதுதான்.

1971இல் சுதந்திரம் அடைந்த காலத்தில் அந்நாட்டுக் கிராமத்து மக்களில் பெரும்பாலானோர் குளத்துத் தண்ணீரையும் ஆற்றுத் தண்ணீரையும்தான் குடித்தார்கள். வயிற்றோட்டத்தாலும் கொலராவாலும் பிள்ளைகள் கொத்துக் கொத்தாக மௌத்தானார்கள். இதற்குத் தீர்வாக அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் திணைக்களமும் யுனிசெஃப் நிறுவனமும் கைப்பம்பு பூட்டிய குழாய்க் கிணறுகளைப் பரப்பின. நிலத்தடி நீரில் கிருமி குறைவு, செலவும் குறைவு. சனங்கள் நம்பினார்கள். பிறகு அவர்களே சொந்தக் காசில் வளவுக்கு வளவு கிணறு அடித்தார்கள். மகள் கலியாணம் முடித்துப் போகும் வீட்டில் கைப்பம்பு இருப்பது கௌரவமானது. மக்களில் 80 சதவீதத்துக்குப் "பாதுகாப்பான" குடிநீர் கொடுக்கும் இலக்கைத் தாண்டிவிட்டதாக 1997இல் யுனிசெஃப் அறிவித்தது. அதில் பெரும் பங்கு குழாய்க் கிணறுகளுடையது.

இதில் யாருடைய நிய்யத்தும் கெட்டதில்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1983இல் இந்தியாவின் மேற்கு வங்காளத்தில் கே. சி. சாஹா என்ற தோல் வைத்தியர் ஒரு விடயத்தைக் கவனித்தார். கொல்கத்தாவில் அவரிடம் வந்த கிராமத்து நோயாளிகளின் நெஞ்சிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தது போலக் கறுப்புப் புள்ளிகள். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து முள்முள்ளாக இருந்தன. நாட்பட்ட ஆசனிக்கு நஞ்சின் அடையாளம் இது. அவர்கள் குடித்தது குழாய்க் கிணற்றுத் தண்ணீர். 1987 ஆகும்போது பங்களாதேஷிலிருந்து வந்தவர்களிலும் அதே நோய் காணப்பட்டது. ஆனால் பங்களாதேஷ் அரசின் திணைக்களம் சபாய் நவாப்கஞ்ச் பகுதிக் கிணறுகளில் ஆசனிக்கு இருப்பதை உறுதிசெய்தது 1993இல். இடையில் பத்து வருடம். அந்தப் பத்து வருடமும் புதுக் கிணறுகள் அடிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன.

ஏன் யாரும் முன்னமே பார்க்கவில்லை? ஆசனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. நோய் வெளியே தெரியப் பல வருடமாகும். கிணற்றுத் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இரும்பு பார்ப்பார்கள், ஆசனிக்கு பார்க்கும் வழக்கம் அன்று இருக்கவில்லை. 1992இல் பிரித்தானிய புவியியல் ஆய்வகம் அங்கே நிலத்தடி நீரை ஆய்வு செய்தபோதும் பல மூலகங்களைப் பார்த்தார்கள், ஆசனிக்கைப் பார்க்கவில்லை. பாதிக்கப்பட்ட ஒரு கிராமவாசி பிறகு இங்கிலாந்தில் வழக்குப் போட்டார். 2006இல் பிரபுக்கள் சபை அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்த மக்கள் மீது ஆய்வகத்துக்குச் சட்டப்படியான கடமை இருக்கவில்லை என்பது தீர்ப்பு.

அடுத்த கேள்வி, நஞ்சு எங்கிருந்து வந்தது? தொழிற்சாலை எதுவும் இல்லாத கிராமங்கள் அவை. ஆரம்பத்தில் பலர் சொன்ன விளக்கம் இப்படி: விவசாயத்துக்கு அதிகமாகத் தண்ணீர் இறைத்ததால் நீர்மட்டம் கீழே போய், மண்ணுக்குள் காற்றுப் புகுந்து, அங்கிருந்த பைரைற்று என்ற கனிமம் சிதைந்து ஆசனிக்கு வெளியானது. அது சரியென்றால் குற்றம் விவசாயியின் மேல்தான் விழும்.

1998இல் நேச்சர் சஞ்சிகையில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினரும் டாக்கா பல்கலைக்கழகத்தின் காசி மதீன் அஹ்மதும் சேர்ந்து எழுதிய ஒரு சிறு கட்டுரை இந்த விளக்கத்தைத் தலைகீழாகப் புரட்டியது. காற்றுப் புகுந்ததால் வந்த வினை அல்ல, காற்று இல்லாததால் வந்தது என்றார்கள்.

இமயமலைப் பாறைகள் தேய்ந்து கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் மணலாகவும் சேறாகவும் வருகின்றன. ஒவ்வொரு மணற்பருக்கையைச் சுற்றியும் கறள் பூச்சு. அந்தப் பூச்சில் துளித்துளியாக ஆசனிக்கு. கழிமுகத்தில் அது படியும்போது இலை தழைகளும் சேற்று நிலத் தாவரங்களும் கூடவே புதைகின்றன. இது கடந்த பத்தாயிரம் வருடங்களுக்குள் நடந்த சங்கதி. புதைந்த தழையை மண்ணிலுள்ள பற்றீரியா தின்கிறது. ஒட்சிசன் தீர்ந்ததும் அது சுவாசிக்க வேறு வழி தேடுகிறது. இரும்பு ஐதரொட்சைட்டு கையில் கிடைக்கிறது. அதைத் தாழ்த்தி இரும்பைக் கரைக்கிறது. பூச்சு கரைய, அதில் ஒட்டியிருந்த ஆசனிக்கும் தண்ணீருக்குள் வந்துவிடுகிறது. இதே விளக்கத்தைத்தான் பின்வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டன.

அங்கே கிணறு அடிக்கும் மேசன்மாருக்கு மணலின் நிறம் நன்றாகத் தெரியும். சாம்பல் நிற மணலில் பூச்சு கரைந்துவிட்டது, அங்கு ஆபத்துக் கூட. செம்மணல், மஞ்சள் மணல் என்றால் பூச்சு இன்னும் இருக்கிறது, ஆசனிக்கும் அதிலேயே ஒட்டியிருக்கிறது. கறள் நிற மணலிலிருந்து வரும் தண்ணீர் பெரும்பாலும் நல்லது என்பதை ஆய்வாளர்களும் பின்னர் அளந்து பார்த்து ஒப்புக்கொண்டார்கள்.

2001இல் வெளியான தேசிய ஆய்வு 3,534 கிணறுகளைப் பார்த்தது. 150 மீற்றருக்குக் குறைந்த ஆழமுள்ள கிணறுகளில் 27 சதவீதத்தில், பங்களாதேஷின் எல்லையான லீற்றருக்கு 50 மைக்கிரோகிராமைவிட அதிக ஆசனிக்கு. ஆழக் கிணறுகளில் அப்படி இருந்தது ஒரு சதவீதம் அளவில்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவான 10 மைக்கிரோகிராமை வைத்துப் பார்த்தால் 5 கோடி 70 இலட்சம் பேர் குடித்துக்கொண்டிருந்தது அதற்கு மேற்பட்ட தண்ணீரை. வரலாற்றில் ஒரு சனத்தொகைக்கு ஏற்பட்ட ஆகப் பெரிய நஞ்சூட்டல் இதுதான் என்று 2000ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் எழுதப்பட்டது.

பிறகு ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகளைச் சோதித்து, பம்பின் வாய்க்கு நிறம் பூசினார்கள். நல்லதுக்குப் பச்சை, கெட்டதுக்குச் சிவப்பு. சுமார் 14 இலட்சம் கிணறுகள் சிவப்பாயின. சிவப்புப் பம்பு உள்ள வீட்டுப் பெண்கள் பச்சைப் பம்பு தேடிக் குடத்தோடு நடந்தார்கள். கையில் புள்ளி உள்ள குமரிப் பிள்ளைகளுக்குக் கலியாணம் தடைப்பட்டது. தொற்றுநோய் என்று பயந்து ஒதுக்கி வைத்தார்கள். கை நோய் வெளியே தெரிந்தது. நுரையீரலிலும் சலப்பையிலும் வரும் புற்றுநோய் தெரியாமல் வந்தது.

தீர்வுகளில் ஒன்று அதே கறளிலிருந்து வந்தது. குஷ்டியாவைச் சேர்ந்த இரசாயனவியலாளர் அபுல் ஹுஸாம் என்பவர் அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர். வைத்தியரான தன் சகோதரரோடு சேர்ந்து இரண்டு வாளி, மணல், கரி, செங்கல் துண்டு, கறள் பிடிக்கக்கூடிய இரும்புத் துருவல் இவற்றை வைத்து 'சோனோ' என்ற வடிகட்டியைச் செய்தார். இரும்பு கறளாக, கறள் ஆசனிக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்சாரம் தேவையில்லை. 2007இல் இதற்குப் பத்து இலட்சம் டொலர் கிரெய்ஞ்சர் பரிசு கிடைத்தது. அதன் பெரும் பகுதியை அவர் வடிகட்டிகளை ஏழைகளுக்குக் கொடுக்கவே ஒதுக்கினார்.

ஆனாலும் கதை நல்லபடி முடியவில்லை. 2016இல் ஹியூமன் ரைட்ஸ் வொட்ச் வெளியிட்ட அறிக்கையின்படி அன்றும் சுமார் 2 கோடிப் பேர் நாட்டு எல்லையைத் தாண்டிய தண்ணீரைக் குடித்தார்கள். அரசு அடித்த ஆழக் கிணறுகளில் பல, தேவையுள்ள இடத்துக்குப் போகாமல், அரசியல்வாதிகளின் ஆதரவாளர்களுடைய வளவுக்குப் போயின என்றும் அது சொன்னது. அறிவு இருந்தது, காசும் இருந்தது. எந்த இடத்தில் கிணறு அடிப்பது என்பதில் நீதி இருக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். தயவுசெய்து யாரும் பயந்து இதை வட்சப்பில் "நம்ம கிணத்துல ஆசனிக்கு" என்று போட்டுவிடாதீர்கள். நம் மண் கங்கைக் கழிமுகம் அல்ல. நான் அப்படிச் சொல்லவுமில்லை. வாளியில் படியும் இரும்பு பெரும்பாலும் ருசியையும் வெள்ளைத் துணியையும்தான் கெடுக்கும். குடிநீரில் இரும்புக்கு உடல்நலக் காரணத்தால் உலக சுகாதார நிறுவனம் எல்லை வைக்கவுமில்லை. தண்ணீரைக் காற்றுப் படவிட்டு, படிந்த பின் மணலில் வடித்தால் நிறம் குறையும்.

நான் சொல்ல வருவது வேறு. அந்தச் சிவப்பு படிவதால் தண்ணீர் நஞ்சு என்றும் ஆகாது. படியாததால் நல்லது என்றும் ஆகாது. நிலத்தடியில் என்ன கரைகிறது, என்ன ஒட்டியிருக்கிறது என்பதைக் கண்ணோ நாக்கோ சொல்லாது. ஆய்வுகூடம்தான் சொல்லும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம்.

மௌத்தான தாய் தகப்பனுக்காகக் கிணறு கொடுப்பது நம் சமூகத்தின் அழகான வழக்கம். கல்லில் பெயர் பொறித்துத் திறப்பு விழாவும் வைக்கிறோம். பள்ளி நிர்வாகத்தினரிடமும் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் தம்பிமாரிடமும் எனது கோரிக்கை நான்கு. கிணற்றுச் செலவுக் கணக்கில் தண்ணீர்ப் பரிசோதனைக் காசையும் சேருங்கள். பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் பரிசோதனை முடிவையும் திகதியையும் எழுதுங்கள். சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி சோதியுங்கள். எந்த இடத்தில் அடிப்பது என்பதை யாருக்குத் தண்ணீர் தூரம் என்று பார்த்து முடிவெடுங்கள்.

அன்று கேட்ட அந்தப் பெரியவரோடு நேற்று இரண்டு போத்தலில் தண்ணீர் எடுத்துப் போனோம். "உம்மாட பேருல குடுத்தது மனே, நல்ல தண்ணியா இருக்கணும்" என்று வழியில் இரண்டு தரம் சொன்னார். முடிவு வந்ததும், எதுவாக இருந்தாலும், கிணற்றடியில் ஒட்டுவதாகப் பேசியிருக்கிறோம்.

வஸ்ஸலாம்.