ஆயக்கட்டு இல்லாத ஏரி: கொடைக்கானல் நகரம் உருவான விதம்

கொடைக்கானலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1845இல் தொடங்குகிறார்கள். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்ற இரண்டு பங்களாக்களை மலையில் கட்டி முடித்த ஆண்டு அது. அதன்பின் வருவன எல்லாம் அந்தத் தொடக்கத்தின் தொடர்ச்சியாகவே சொல்லப்படுகின்றன. 1852இல் பம்பாய்ப் படையைச் சேர்ந்த மேஜர் பார்ட்ரிட்ஜ் வீடு கட்டிக் குடியேறினார், 1863இல் கலெக்டர் வீர் ஹென்றி லெவிஞ்ச் ஏரி அமைத்தார், 1872இல் கோக்கர் நடைபாதை போட்டார், 1908இல் பிரையண்ட் பூங்காவுக்குத் திட்டமிட்டார் என்று பெயரும் ஆண்டுமாக நீளும் பட்டியலில் ஏரி ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. அந்த ஒரு வரிதான் இந்நகரத்தின் திருப்புமுனை என்பது இக்கட்டுரையின் வாதம். 1845இல் மலைமீது உண்டானது ஒரு நோய்ப்புகலிடம். அதை ஓய்வு நகரமாக மாற்றியது சதுப்பு நிலத்தின் வாயை அடைத்துப் போட்ட கரை. பாசனத்துக்கென்று கட்டப்படாத, ஆயக்கட்டு இல்லாத ஏரி அது. நகரத்தின் பிற்கால வடிவத்தையும் இன்றைய சிக்கல்களையும் விளங்கிக்கொள்ள அந்த இன்மையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் 1845க்கு உரியதைக் கொடுத்துவிடலாம். யாழ்ப்பாணத்தில் 1816 முதல் இயங்கிவந்த அமெரிக்க மிஷன், 1834இல் மதுரையில் கிளை தொடங்கியது. சமவெளியின் வெக்கையும் காலராவும் காய்ச்சலும் அந்தச் சிறு கூட்டத்தை ஆண்டுதோறும் அரித்தன. அவர்கள் முதலில் நாடிய சிறுமலையிலும் காய்ச்சல் விடவில்லை. இன்னும் உயரம் தேடி, ஏறத்தாழ 2,100 மீட்டரில் அமைந்த இந்த மேட்டு நிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். உயிர் பிழைப்பதுதான் நோக்கம், பொழுதுபோக்கு அல்ல. சென்னை மாகாண ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெல்யன் 1860இல் வந்து பார்த்தபோதும் இங்கிருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகளே. பதினைந்து ஆண்டு கழித்தும் ஊராக வளராத ஒன்றை ஊரின் தோற்றுவாய் என்று சொல்வது, பின்னால் நடந்ததை முன்னால் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பதாகும்.

இந்தத் தொடக்கக் கதைக்கு இன்னொரு குறையும் உண்டு. மலை அப்போது ஆளில்லாத காடு என்ற எண்ணத்தை அது சொல்லாமலே விதைத்துவிடுகிறது. 1821இல் நில அளவைக்காக ஏறிவந்த லெப்டினென்ட் வார்டு, வெள்ளகவி என்ற, குன்னுவர் குடியினரின் ஊர்வழியாகத்தான் மேலே வந்தார். அதாவது முதல் அளவையாளருக்கு முன்பே வழியும் ஊரும் இருந்தன. வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி போன்ற ஊர்களில் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி வேளாண்மை நடந்துவந்தது. காட்டை நம்பி வாழ்ந்த பளியர்களும் இருந்தனர். அவர்களுக்கும் மிக முந்தியவை கல்திட்டைகள். பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரே கல்லால் மூடிய இந்த ஈமச்சின்னங்களைச் செண்பகனூர் இயேசு சபைத் துறவி ஆங்கிலேட், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்தார். அவர்களது நூல் இந்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாக 1928இல் வந்தது. இவற்றுள் பல பெருமாள்மலை, பேத்துப்பாறை, தாண்டிக்குடிப் பக்கங்களில் இருக்கின்றன. பழைய குடியிருப்புகள் கீழ்மலைச் சரிவுகளையும் நீரோட்டமுள்ள பள்ளத்தாக்குகளையும் நாடின. இன்று நகரம் நிற்கும் ஈரமும் குளிருமான படுகையை அவை மையமாகக் கொள்ளவில்லை. அந்தப் படுகையை மையமாக்கியது 1863தான்.

லெவிஞ்ச் செய்த காரியத்தை அவருடைய அலுவலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மதுரை மாவட்டம் கண்மாய்களின் நாடு. அங்கே கலெக்டராக இருப்பவர் கரை உடைப்பு, மதகுப் பழுது, கலிங்கு, தூர், மராமத்து என்ற சொற்களைக் கேட்காமல் ஒரு மழைக்காலத்தையும் கழிக்க முடியாது. அந்தக் கண்மாய்க் கலைதான் மலைமேல் ஏறிற்று: ஓடைகள் கூடும் தாழ்ந்த இடம், நீர் வெளியேறும் குறுகிய வாய், அதன் குறுக்கே ஒரு கரை. விளைவாக விரிந்தது சுமார் 24 ஹெக்டேர் நீர்ப்பரப்பு. மலைமடிப்புகளுக்குள் நீர் புகுந்த இடமெல்லாம் கைபோல நீண்டதால் ஏரிக்கு நட்சத்திர வடிவம் அமைந்தது. அதைச் சுற்றிவரும் சாலை ஐந்து கிலோமீட்டரை ஒட்டி நீள்கிறது. நிரம்பி வழியும் நீர் எட்டு கிலோமீட்டர் தள்ளி மலைப்பாதை ஓரத்தில் ஏறத்தாழ 55 மீட்டர் பாறையில் விழுகிறது. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் பேருந்துகளும் வேன்களும் நின்று, மக்கள் இறங்கிப் படமெடுத்து, மலையின் முதல் இயற்கைக் காட்சி என்று வியக்கும் வெள்ளி நீர்வீழ்ச்சி உண்மையில் ஒரு கலிங்கின் உபரிநீர்.

கண்மாய்க்கும் இதற்கும் ஒரே ஒரு வேறுபாடு, ஆனால் அடிப்படையான வேறுபாடு. கீழே ஒவ்வொரு கண்மாய்க்கும் ஆயக்கட்டு உண்டு. நீர் பாயும் நிலமும் நிலத்துக்கு உரியவர்களும் அவர்களுக்கு மதகில் முறையும் கரையில் கடமையும் உண்டு. இங்கே பாய்வதற்கு வயல் இல்லை. மீன்கள் விடப்பட்டன, தூத்துக்குடியிலிருந்து முதல் படகு கொண்டுவரப்பட்டது. அந்தப் படகைப் பற்றிச் சற்று நின்று யோசிக்கலாம். இன்று வண்டிகள் ஏறும் மேஜர் லாவின் மலைப்பாதைக்கான வேலையே 1875ஐ ஒட்டித்தான் தொடங்கியது. 1863இல் பெரியகுளத்துப் பக்கத்து அடிவாரத்திலிருந்து செங்குத்தாக ஏறும் ஒற்றையடிப் பாதைதான் வழி. வெள்ளைக்காரர்கள் நாற்காலிகளில் சுமக்கப்பட்டு வந்த பாதை அது. கடற்கரையில் செய்த படகும் அவ்வழியே மனிதத் தோளில்தான் ஏறியிருக்க வேண்டும். உழைப்பெல்லாம் ஓர் உல்லாசத்துக்காக ஒழுங்குபடுத்தப்படும் சமூக அமைப்பு மலைமேல் நுழைந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. லெவிஞ்ச் ஓய்வுபெற்றபின் இங்கேயே தங்கி 1885இல் காலமானார். நகரில் அவருக்குக் கல் சிலுவை ஒன்று நிற்கிறது. கரைக்கு மண் சுமந்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

இந்த வாதத்துக்கு எதிராக வைக்கத்தக்க முதல் சான்றை நகரமே தருகிறது. ஏரி வந்து ஒன்பது ஆண்டுக்குப் பிறகு, 1872இல் லெப்டினென்ட் கோக்கர் அமைத்த உலாப்பாதை ஏரிக்கரையில் இல்லை. தெற்கே மலை செங்குத்தாக இறங்கும் விளிம்பில் இருக்கிறது. நகரின் மையம் ஏரிக்கு நகர்ந்துவிட்டது என்றால் அன்றைய கனவான்கள் ஏன் அதற்கு முதுகு காட்டி நடந்தார்கள்? இது கனமான கேள்வி. முதற்கால ஐரோப்பியக் குடியிருப்பு விளிம்பைச் சார்ந்தது. தப்பித்துவந்த சமவெளியை மேலிருந்து பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு நிறைவு இருந்திருக்கும், அதிலும் அந்தச் சமவெளியை ஆள்பவர்களுக்கு. ஆகவே ஏரி ஒரே நாளில் நகரத்தைத் தன்பக்கம் இழுத்துவிடவில்லை. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் விளிம்பும் நீரும் போட்டியிட்டன. ஆனால் 1890க்குப் பின் போட்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. அவ்வாண்டில் படகுக் குழாம் தொடங்கியது. 1899இல் நகராட்சி அமைந்தது. 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கான பள்ளி ஏரியை ஒட்டித் தொடங்கி, இன்றைய பன்னாட்டுப் பள்ளியாக வளர்ந்தது. 1908இல் வன அதிகாரி பிரையண்ட் திட்டமிட்ட பூங்காவும் ஏரியின் கிழக்கே அமைந்தது. கோக்கர் நடைபாதை காட்சிமேடையாக நிலைத்தது. கூடும் இடமாக ஏரிக்கரை நிலைத்தது. வானிலையும் தெளிவான வானமும் கருதி மேற்குக் குன்றின்மேல் 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் இந்த ஈர்ப்புக்கு வெளியே நின்ற ஒரு பெரிய நிறுவனம்.

இரண்டாவது மறுப்பு போக்குவரத்தைப் பற்றியது. நகரத்தை உருவாக்கியது தண்ணீர் அல்ல, தண்டவாளமும் சாலையும் என்பது புவியியலாளர்கள் விரும்பும் விளக்கம். 1875இல் மதுரை வரை ரயில் வந்தது. லா மலைப்பாதை 1910களின் நடுப்பகுதியில் மோட்டார் வண்டிகளுக்குத் திறந்தது. 1901இல் 1,912 பேரே இருந்த ஊரில் 2011இல் 36,501 பேர் இருந்ததற்குச் சாலை இல்லாமல் விளக்கம் சொல்ல முடியாது. அளவைப் பொறுத்தவரை இந்த மறுப்பை முழுதாக ஏற்கலாம். அமைப்பைப் பொறுத்தவரை ஏற்க முடியாது. அதே சாலை செண்பகனூர் வழியாகத்தான் ஏறுகிறது. குளிரும் ஏறத்தாழ அதேதான். 1895இல் இயேசு சபையின் திரு இருதயக் கல்லூரி அங்கே அமைந்தும் அது துறவியர் மடமும் அருங்காட்சியகமுமாக அமைதியாகவே இருந்தது. சாலை ஆட்களைக் கொண்டுவந்தது. எங்கே இறங்கி எதைச் சுற்றுவது என்பதை ஏரி தீர்மானித்தது. ஏரியே இல்லாத குன்னூரும் மலைநகரம் ஆயிற்றே என்று கேட்கலாம். ஆயிற்று. ஏரி இல்லாமல் மலைநகரம் உருவாகாது என்பதல்ல இங்கே சொல்லப்படுவது. ஆனால் உதகமண்டலத்தில் ஜான் சல்லிவன் 1823–25இல் அமைத்த ஏரி, இங்கே 1863, இலங்கையின் நுவரெலியாவில் ஆளுநர் வில்லியம் கிரகரி 1873இல் சதுப்பைத் தேக்கி அமைத்த ஏரி என மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால், அரை நூற்றாண்டில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அதிகாரிகள் கையாண்ட ஒரே நகராக்க உத்தி தெரிகிறது: ஈரநிலத்தை வீண்நிலமாகக் கண்டு, நீர்ப்பரப்பாக்கி, அதன் கரையில் தங்கள் ஊரின் ஒரு சாயலைக் கட்டிக்கொள்வது.

மூன்றாவது மறுப்பு இன்றைய நிர்வாகத்தை ஒட்டியது என்பதால் அதற்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். 160 ஆண்டுக்கு மேலான ஏரியைச் செயற்கை என்று பிரிப்பதில் என்ன பயன்; மீனும் பறவையும் கரைமரங்களும் சேர்ந்து அது இயற்கையாகிவிடவில்லையா? உயிரினங்களின் கணக்கில் ஆகியிருக்கலாம். பராமரிப்பின் கணக்கில் ஆகவில்லை. சதுப்பு நிலம் நீரை உறிஞ்சி, வடிகட்டி, மெதுவாக விட்டுத் தன்னைத் தானே பேணிக்கொள்ளும். கரை போட்டுத் தேக்கிய நீர் அப்படியல்ல. சராசரியாக மூன்று மீட்டரே ஆழமுள்ள ஏரியில் சரிவிலிருந்து வரும் ஒவ்வொரு கூடை வண்டலும் கணக்கில் ஏறும். சமவெளிக் கண்மாயில் தூர் சேர்ந்தால் கடைமடைக்காரன் முதலில் குரல் கொடுப்பான், ஏனெனில் காய்வது அவன் பயிர். கொடைக்கானல் ஏரியில் தூர் சேர்ந்தால் யாருக்கும் பயிர் காய்வதில்லை. பயன்பெறுபவர் இரண்டு நாள் தங்கி, படகேறி, மக்காச்சோளம் தின்று போகிறார். அவருக்கு உரிமையும் இல்லை, கடமையும் இல்லை. ஆகவே ஏரியின் பொறுப்பு கலெக்டரின் தனி ஆர்வத்திலிருந்து குழாத்துக்கும், நகராட்சிக்கும், தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டத்துக்கும், அண்மையில் நீதிமன்றத்துக்கும் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2024 மே மாதம் முதல் உயர்நீதிமன்ற உத்தரவின்படி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. அது ஒருவகையில் ஆயக்கட்டுக்கு எல்லை வகுக்கும் முதல் முயற்சி. ஆனால் வருபவரை எண்ணுகிறதே தவிர, அவரிடம் கரைக்கான கடமை எதையும் வைக்கவில்லை.

ஏரியை மையமாக வைத்துச் சொல்லப்படும் எந்த வரலாறும் மலையின் முழு வரலாறாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குச் சான்று குறிஞ்சி ஆண்டவர் கோயில். இந்து சமயம் தழுவிய ஆஸ்திரேலியப் பெண்மணியும் இலங்கைத் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவியுமான லீலாவதி இராமநாதன் 1936இல் எழுப்பிய கோயில் அது. படகுக் குழாமும் பூங்காவும் நன்கு வேரூன்றிய காலத்தில் கட்டப்பட்டும், அது ஏரிக்கரையைத் தேடவில்லை. அங்கே நிற்பவர் கண்ணுக்குப் படுவது பழனி. பூம்பாறையின் குழந்தை வேலப்பர், பழனி முருகன், பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூக்கும் குறிஞ்சி ஆகியவற்றை இணைக்கும் அந்தக் கோட்டில் ஏரிக்கு இடமே இல்லை. சுற்றுலாப் பட்டியல் கோயிலையும் படகுத்துறையையும் அடுத்தடுத்த எண்களில் போடுகிறது; அவை இரண்டும் இரு வேறு மலைகளைச் சேர்ந்தவை.

இருந்தும் நகரம் தன் வரலாற்றை எழுதிவைத்திருக்கும் இடம் ஏரிதான், குறிப்பாக அதன் அடிமண். 1983 முதல் 2001 வரை நகரில் இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஏரிக்கரையில் இல்லை. ஆனால் 2006இல் வெளியான ஆய்வு, ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதைக் காட்டியது. படுகையின் வாயை 1863இல் அடைத்தவர்கள் நீரைத் தேக்குவதாகத்தான் எண்ணினார்கள். அதோடு, சரிவுகளிலும் காற்றிலும் வரும் அனைத்தும் வந்து படியும் இடத்தையும் அவர்கள் உண்டாக்கிவிட்டார்கள். ஆகவே தூர்வாருவது என்ற பேச்சு எழும்போதெல்லாம், எவ்வளவு ஆழம் அள்ளுவது என்பதோடு, அள்ளியதை எந்தச் சரிவில், யாருடைய ஓடைக்கு மேலே கொட்டப்போகிறோம் என்ற கேள்வியும் சேர்ந்தே எழுகிறது.