வேடர் வில்லும் குறி தப்பாக் கண்ணும்

1957ஆம் ஆண்டில் விஷ்ணு ஸ்ரீதர் வாகண்கர் என்னும் அறிஞர் போபாலை நோக்கி இரயிலிற் செல்லுங்கால், தொலைவில் நின்ற சில பாறைகளின் தோற்றத்தால் ஈர்க்கப்பட்டார். பின்னர் அவ்விடத்தைத் தேடிச் சென்றார். பீம்பேட்கா ஓவியங்களின் பெருமை உலகிற்குத் தெரியவந்தது இவ்வாறே. இரயில் வண்டியால் வரலாற்றுக்கு விளைந்த நன்மைகளுள் இதனையும் சேர்த்து எண்ணுவதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. அப்பாறைகளில் வில்லேந்திய வேடர் பலர் இன்றும் விலங்கின் பின் விரைந்துகொண்டிருக்கின்றனர்.

நம் புறநானூற்றில் வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் வேட்டையை அறியாதார் இலர். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பு ஊடுருவியதாகப் புலவர் கூறுகின்றார். இது புலவர் வாக்கு; அளந்து பார்க்க வேண்டுவதன்று. ஆயினும் கொல்லிமலைத் தலைவனுக்கு ‘வல்வில்’ என்பதே அடைமொழியாயிற்று என்பதனால், அக்காலத்தார் வேட்டை வில்லை எவ்வளவு மதித்தனர் என்பது விளங்கும்.

உண்மையில் வேடனின் திறமை தொலைவில் எய்வதில் இல்லை. அருகிற் செல்வதில் இருக்கின்றது. காற்று தன் வாடையை விலங்கின்பால் கொண்டு செல்லாதவாறு எதிர்க்காற்றில் நடக்க வேண்டும். சருகு ஒலிக்காது அடி வைக்க வேண்டும். பிறகு முழு விலங்கையும் நோக்குதல் கூடாது. அதன் முன்னங்காலின் பின்புறத்தே ஒரு சிறு புள்ளியை மட்டும் நோக்க வேண்டும். துரோணர் வினவியபோது பறவையின் கண்ணன்றி வேறொன்றும் தெரியவில்லை என்ற அருச்சுனன் கதையும் இதனையே சொல்கின்றது. நாணை ஒவ்வொரு முறையும் முகத்தின் அதே இடத்திற்கு இழுத்தல், அம்பு சென்று தைக்கும் வரை வில்லேந்திய கையைத் தாழ்த்தாதிருத்தல் ஆகிய இரண்டும் பழகப் பழகவே வருவன. கை சோர்ந்த பின் எய்துகொண்டேயிருப்பது பயிற்சியன்று. பிழையையே மனப்பாடம் செய்வதாகும். குறி சற்றே பிசகினால் புண்பட்ட விலங்கு காட்டினுள் ஓடி வருந்திச் சாகும். வேடன் வீட்டு அடுப்பும் எரியாது.

பீலர், சந்தாலர் முதலிய பழங்குடியினர் மூங்கிலால் வில் செய்து, மூங்கிற் பட்டையையே நாணாகவும் பூட்டுவர். பறவைகளுக்கு முனை மழுங்கிய அம்பு போதும். 1855ஆம் ஆண்டில் சித்து, கானு என்னும் உடன்பிறந்தார் தலைமையில் சந்தாலர் கிளர்ந்தெழுந்தபோது, கும்பினியாரின் துப்பாக்கிக்கு எதிர் நின்றது இந்த வேட்டை வில்லே.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்தது. விலங்கின் பொருட்டு அது வேண்டியதே. ஆனால் தலைமுறை தலைமுறையாய் வந்த கைத்திறன் என்னாவது? அதே ஆண்டில் மியூனிக் நகரில் ஒலிம்பிக் பந்தயத்துள் வில்வித்தை மீண்டும் இடம்பெற்றது தற்செயலே எனினும், பின்னாளில் அவ்வழியே ஒரு விடை கிடைத்தது. உதயப்பூர் மாவட்டத்துப் பழங்குடிச் சிறுவர் லிம்பாராம் 1987இல் அரசாங்கப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மறு ஆண்டே சியோல் ஒலிம்பிக்கில் நின்றார். 1992இல் பெய்ஜிங்கில் 30 மீட்டர் தொலைவில் 360க்கு 358 புள்ளிகள் பெற்று உலகச் சாதனையைச் சமன் செய்தார்.

எனினும் வேட்டைக்கண் ஒன்றே பந்தயத்திற்குப் போதாது என்பதே நம் கருத்து. காட்டில் ஒரே அம்பு. களத்தில் அம்பின் மேல் அம்பு. 70 மீட்டருக்கு அப்பால், 122 சென்டிமீட்டர் அகலமுள்ள இலக்கின் நடுவே, 10 புள்ளிக்குரிய வட்டம் 12.2 சென்டிமீட்டரே. அத்தனை அம்பையும் அதனுள் செலுத்துவதற்கு மூச்சும் தோளும் மனமும் ஒரே நிலையில் நிற்க வேண்டும். அதற்கெனவே ஜாம்ஷெட்பூரில் 1996இல் டாட்டா வில்வித்தைப் பயிற்சிக்கழகம் தோன்றியது. ராஞ்சியை அடுத்த சிற்றூரில் மாங்காயைக் கல்லால் குறிபார்த்து அடித்து வளர்ந்த தீபிகா குமாரி அங்கே பயின்றவர். மாங்காய் அடிக்கும் நம் காலனிச் சிறுவரை அதட்டுமுன் பெற்றோர் சற்றே சிந்திப்பாராக! அச்சிறுமி 2010இல் டெல்லிக் காமன்வெல்த் பந்தயத்தில் இரண்டு தங்கம் வென்றார். 2012இல் உலக வரிசையில் முதலிடம் எய்தினார்.