செல் பிரிதலும் பிக்கோகிராம் கணக்கும்

செல் பிரிதலின் நிலைகளை அறிவியலாளர்கள் முதலில் கண்ணால் பார்த்து அறிந்தனர். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்னும் நான்கும் அவ்வாறு அறியப்பட்டவையே. ஆனால் பிரிவுக்கு முன் செல்லுக்குள் நடக்கும் மிக முக்கியமான வேலை நுண்ணோக்கியில் தெரியவில்லை. அது வெளிப்படுவதற்கு மிகச் சிறிய நிறைகளை அளக்கும் முறைகள் தேவைப்பட்டன.

இழைகளைக் கண்டவர்

செருமனியின் கீல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வால்தர் ஃபிளெமிங், சாலமாண்டர் இளவுயிரிகளின் செல்களை ஆராய்ந்தார். அச்செல்கள் பெரியவை என்பதால் பார்ப்பதற்கு எளிதாக இருந்தன. உட்கருவில் சாயத்தை ஏற்கும் பொருளுக்குக் குரோமாட்டின் என்று பெயரிட்டார். சாயமேற்றிய செல்கள் உயிரற்றவை. எனவே எந்தக் காட்சி முன்னது, எது பின்னது என்பதை உயிருள்ள செல்களையும் பார்த்து ஒழுங்குபடுத்தினார். 1882-இல் வெளியான தம் நூலில் இந்நிகழ்வை மைட்டாசிஸ் என்றார். இழை என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும் 'இழையுருப்பிரிவு' என்னும் சொல்லிலும் அதே பொருள் உள்ளது.

புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ் என்னும் பெயர்களை 1884-இல் தாவரவியலாளர் எட்வர்டு ஸ்ட்ராஸ்பர்கர் வழங்கினார். டீலோஃபேஸ் என்னும் பெயர் 1894-இல் மார்ட்டின் ஹைடன்ஹைனால் சேர்க்கப்பட்டது. இரண்டு பிரிவுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் இழைகள் எவையும் தெரியாததால் அதனை 'ஓய்வுநிலை' என்று அழைத்து வந்தனர்.

எடை சொன்ன செய்தி

1948-இல் பிரான்சு நாட்டின் ஆந்த்ரே புவாவன், ரோஜர் வென்ட்ரலி, கொலெத் வென்ட்ரலி ஆகியோர் மாட்டின் பல்வேறு உறுப்புகளிலிருந்து உட்கருக்களைப் பிரித்தெடுத்தனர். ஒற்றை உட்கருவை எந்தத் தராசிலும் நிறுக்க இயலாது. ஆகவே பல கோடி உட்கருக்களில் உள்ள மொத்த டி.என்.ஏ.வை வேதிமுறையில் அளந்து, அதனை உட்கருக்களின் எண்ணிக்கையால் வகுத்தனர்.

எடுத்துக்காட்டாக, 10 கோடி உட்கருக்களில் 0.65 மில்லிகிராம் டி.என்.ஏ. இருப்பதாகக் கொள்வோம். ஓர் உட்கருவுக்கு 0.65 ÷ 10⁸ = 6.5 × 10⁻⁹ மில்லிகிராம். ஒவ்வோர் அலகும் முந்தையதில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதை நினைவில் கொண்டால் மாற்றுவது எளிது:

1 மில்லிகிராம் = 1000 மைக்ரோகிராம்
1 மைக்ரோகிராம் = 1000 நானோகிராம்
1 நானோகிராம் = 1000 பிக்கோகிராம்

ஆக, 1 மில்லிகிராம் என்பது 10⁹ பிக்கோகிராம். மேற்கண்ட விடை 6.5 பிக்கோகிராம் ஆகிறது. பிக்கோ என்னும் முன்னொட்டு 1960-இல்தான் பன்னாட்டு அலகு முறையில் ஏற்கப்பட்டது.

கல்லீரல் ஆனாலும் வேறு உறுப்பு ஆனாலும் ஓர் உட்கருவில் ஏறத்தாழ இதே அளவு டி.என்.ஏ. இருந்தது, விந்து செல்லில் மட்டும் அதில் பாதி இருந்தது. மரபுப் பொருள் புரதமா, டி.என்.ஏ.வா என்னும் விவாதம் முடியாதிருந்த காலம் அது. இம்முடிவு டி.என்.ஏ.வுக்கு ஆதரவாக அமைந்தது.

'ஓய்வு' ஓய்வன்று

செல் பிரிந்தபின் சேய்செல் ஒவ்வொன்றிலும் 6.5 பிக்கோகிராம் இருக்கவேண்டுமானால், எப்போதோ ஒரு கட்டத்தில் அது 13 பிக்கோகிராம் ஆகியிருக்க வேண்டும். அது எப்போது என்பதே அடுத்த கேள்வி.

லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் அல்மா ஹோவர்டு, ஸ்டீபன் பெல்க் ஆகியோர் ஃபாபா அவரையின் வேர்களுக்குக் கதிரியக்கப் பாஸ்பரசை அளித்தனர். புதிதாக உருவாகும் டி.என்.ஏ.வில் அந்தப் பாஸ்பரஸ் சேரும். அதன் கதிர்வீச்சு ஒளிப்படச் சுருளில் கரும்புள்ளிகளாகப் பதியும். பிரிவின் நடுவே இருந்த செல்கள் பாஸ்பரசை ஏற்கவில்லை. 'ஓய்வுநிலை' செல்களில் ஒரு பகுதியே ஏற்றன. அதாவது, குரோமோசோம்கள் கண்ணுக்குத் தெரியும் முன்பே டி.என்.ஏ. இரட்டித்து முடிந்துவிடுகிறது.

1953-இல் அவர்கள் இடைநிலையை மூன்றாகப் பகுத்தனர். டி.என்.ஏ. உருவாகும் காலம் எஸ், அதற்கு முந்தைய இடைவெளி ஜி1, பிந்தையது ஜி2. மனிதச் செல்லிலும் ஜி1-இல் டி.என்.ஏ. ஏறத்தாழ 6.5 பிக்கோகிராம், எஸ் காலத்தில் அது படிப்படியாக உயர்கிறது, ஜி2-இல் 13. மைட்டாசிசில் புதிதாக டி.என்.ஏ. உருவாவதில்லை, இருப்பது சமமாகப் பங்கிடப்படுகிறது.

இன்றைய பயன்

புற்றுநோய்ச் செல்களின் டி.என்.ஏ. அளவு பல நேரங்களில் இயல்பிலிருந்து மாறுபடும். ஒளிரும் சாயமேற்றிய செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன் செலுத்தி, எத்தனை செல்கள் எந்தக் கட்டத்தில் உள்ளன என்று இன்று கணக்கிடுகின்றனர். மருந்துகளும் கட்டத்தைப் பொறுத்தே செயல்படுகின்றன. மெத்தோட்ரெக்சேட் எஸ் கட்டத்தில் டி.என்.ஏ. உருவாவதைத் தடுக்கிறது. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படும் வின்கிரிஸ்டின் கதிர்க்கோல் இழைகள் உருவாகாமல் தடுத்து, செல்லை மெட்டாஃபேசிலேயே நிறுத்திவிடுகிறது.

நான்கு நிலைகளை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவர் செல் சுழற்சியின் மிகக் குறுகிய பகுதியையே கற்கிறார். செல் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இடைநிலையில்தான் கழிக்கிறது; பிரிவுக்கான ஆயத்தமும் அங்கேதான் நடக்கிறது.