இரண்டாவது குழாய்

1953-ல் ஷெவ்ரலே நிறுவனம் கொர்வெட் என்ற இரண்டு இருக்கைக் காரை வெளியிட்டது. அந்த ஆண்டு செய்தது 300 கார்கள். ஒன்றின் விலை 3,498 டாலர். உள்ளே இருந்த ஆறு சிலிண்டர் என்ஜின் புதிதாகப் பிறந்ததல்ல. அந்த நிறுவனத்தின் சாதாரணக் கார்களிலும், விவசாயிகள் தீவனமும் கம்பிச்சுருளும் ஏற்றிப்போன பிக்கப் வண்டிகளிலும் ஓடிய அதே குடும்பத்து என்ஜின்தான். கொர்வெட்டுக்காக அதில் சில மாற்றங்களைச் செய்தார்கள்: மூன்று கார்புரேட்டர்கள், வேறு கேம் தண்டு, கூடுதல் அழுத்தம், கூடவே மும்மூன்று சிலிண்டர்களாகப் பிரித்த மேனிஃபோல்டும் இரட்டைப் புகைக்குழாயும். பிக்கப் வண்டிக்கோ ஒரே குழாய், ஒரே சைலன்சர். இரண்டாவது குழாயால் என்ன நன்மை என்பது ஆலைக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. தெரிந்தும் லாரிக்கு அதைக் கொடுக்காததற்குக் காரணம் விலை. பழைய பிக்கப்பின் புகைக்குழாயைக் குறைந்த செலவில் மாற்றும் அமெரிக்க வழக்கத்தை வாலிபர்களின் இரைச்சல் மோகம் என்று ஒதுக்குவோர் உண்டு. அதன் வரலாற்றை உற்றுப் பார்த்தால், ஆலை மிச்சம் பிடித்து விட்ட வேலையை வண்டிக்காரன் தன் பணத்தில் முடித்துக்கொண்ட கதையாகத்தான் அது எனக்குப் படுகிறது.

அந்த என்ஜினின் தீப்பொறி வரிசை 1-5-3-6-2-4. முன்பக்க மூன்று சிலிண்டர்களில் ஒன்று வெடித்தால் அடுத்தது பின்பக்க மூன்றில் ஒன்று, பிறகு மறுபடி முன்பக்கம் என்று மாறி மாறி வரும். எல்லாம் ஒரே குழாயில் கலந்தால், கிராங்க் 120 பாகை சுற்றுவதற்குள் அடுத்த புகைத்துடிப்பு வந்து முந்தையதன் மீது மோதும். ஒரு சிலிண்டரின் வால்வு மூடுவதற்கு முன்பே அடுத்து வெடித்த சிலிண்டரின் புகை அதற்கு எதிராக அழுத்தம் கொடுக்கும். முன் மூன்றையும் பின் மூன்றையும் பிரித்துவிட்டால் ஒவ்வொரு குழாயிலும் 240 பாகைக்கு ஒரு துடிப்புதான். ஒன்று ஏறக்குறைய வடிந்த பிறகே அடுத்தது வரும். இதற்குப் புது மேனிஃபோல்டு வாங்கத் தேவையில்லை. இருக்கிற வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றி, நடுவில் ஒரு தகட்டைத் தடுப்பாக வைத்துப் பற்றவைத்து, பழைய வாயை ஒரு மூன்றுக்கு விட்டு, மறு மூன்றுக்குப் புது வாய் திறந்தால் போதும். வார்ப்பிரும்பை நன்றாகச் சூடேற்றிப் பற்றவைத்து மெதுவாக ஆறவிடாவிட்டால் விரிசல் விடும்; வேலைக்காரனின் கை இங்கேதான் தெரியும். கையில் கொஞ்சம் காசு இருந்தவர்கள் ஃபென்டன் போன்ற நிறுவனங்கள் ஆயத்தமாக வார்த்து விற்ற இரட்டை மேனிஃபோல்டுகளை வாங்கினார்கள். ஆனால் மலிவான வழிக்கு ஒரு தனி நன்மை இருந்தது. கார்புரேட்டருக்கு அடியில் பழைய மேனிஃபோல்டு கொடுத்த சூட்டில் ஒரு பகுதியாவது அதில் மிஞ்சியது. பனிக்காலக் காலையில் வேலைக்குக் கிளம்பும் வண்டிக்கு அந்தச் சூடு முக்கியம்.

இரைச்சலுக்காகத்தானே பலர் செய்தார்கள் என்ற ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. சத்தத்துக்கும் அடக்கத்துக்கும் இடையிலான இழுபறி மோட்டார் வண்டியின் வயதே ஆனது. இண்டியானா மாநிலத்து ரீவ்ஸ் சகோதரர்கள் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றது 1897-ல். அதன் பிறகு சில பத்தாண்டுகள், சைலன்சரைச் சுற்றிக்கொண்டு புகையை நேராக வெளியேற்றும் 'கட்அவுட்' கதவுகளை வண்டிக்காரர்கள் மாட்டிக்கொள்வதும் நகரங்கள் அவற்றைத் தடை செய்வதுமாகக் கழிந்தன. போருக்குப் பிறகு, 1948 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் 'ஹாட் ராட்' இதழ் தொடங்கிய காலத்தில், துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை திணித்த கிளாஸ்பேக் சைலன்சர்கள் மோகமாகப் பரவின. அந்த உறுமலை விரும்பி வாங்கியவர்கள் ஏராளம். அயலாரின் தூக்கம் கெட்டதும் உண்மை. ஆனால் இந்த வியாபாரத்தை உயிரோடு வைத்திருந்தது துரு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு போகிறது. குறுகிய பயணங்களில் குழாய் முழுச்சூடு அடைவதற்குள் வண்டி நின்றுவிட, அந்த நீர் சைலன்சருக்குள்ளேயே அமிலம் கலந்து தேங்கும். வடக்கு மாநிலங்களில் பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு வெளியிலிருந்து அரிக்கும். சாதாரண எஃகில் செய்த சைலன்சர் இந்த இருமுனைத் தாக்குதலை வெகுகாலம் தாங்காது. நேட் ஷெர்மன் 1956-ல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் முதல் மைடாஸ் கடையைத் திறந்து, வண்டி உங்களிடம் இருக்கும்வரை சைலன்சருக்கு உத்தரவாதம் என்று விற்று நாடெங்கும் பரவ முடிந்ததற்கு அடித்தளம் இந்தத் துருதான். எப்படியும் அழியப்போவதை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது சற்று நன்றாக மாற்றுவோம் என்பதே பெரும்பாலான பிக்கப்காரர்களின் கணக்கு. சிகாகோவின் ஜே.சி. விட்னி அஞ்சல் வழிப் பட்டியல் அந்தக் கணக்குக்குத் தோதாக மலிவுச் சாமான்களை வீட்டு வாசலுக்கே அனுப்பியது. நீரழுத்த எந்திரத்தில் குழாயை வளைத்துக்கொடுக்கும் ஊர்ப் பட்டறை மீதியைப் பார்த்துக்கொண்டது.

பட்டறை வளைவு உள்ளே நசுங்கும், காற்றோட்டம் தடைபடும், உள்ளே அச்சு விட்டு வளைத்த விலையுயர்ந்த குழாய்தான் சரி என்பார்கள். பந்தயக் காருக்கு அது சரி. ஆனால் பாரம் இழுக்கும் வண்டி பெரும்பாலும் தாழ்ந்த சுற்றிலேயே ஓடுகிறது. அந்த வேகத்தில் கடக்கும் புகையின் அளவுக்கு ஓரிரு நசுங்கல்கள் பெரிய தடையில்லை. இன்னொரு நம்பிக்கை, என்ஜினுக்குப் பின்னழுத்தம் தேவை, திறந்துவிட்டால் இழுவை போய்விடும் என்பது. இழுவை குறைவதைக் கண்டவர்கள் பொய் சொல்லவில்லை. காரணத்தைத்தான் மாற்றிச் சொன்னார்கள். தேவைக்கு மேல் அகலமான குழாயில் புகையின் வேகம் குறைகிறது, அந்த வேகம் அடுத்த துடிப்பை இழுத்துவிடும் வேலை நின்றுபோகிறது, கார்புரேட்டரின் கலவையும் பொருந்தாமல் போகிறது. ஆக, அளவான விட்டமுள்ள குழாயே லாரிக்குச் சிறந்தது. அதுவே விலையும் குறைந்தது. பணமில்லாதவன் வாங்கியதுதான் பல நேரம் பொறியியல்படியும் சரியாக இருந்திருக்கிறது.

1970-ல் வந்த தூய காற்றுச் சட்டம் இந்தக் கதையைத் திருப்பிப் போட்டது. 1975 மாடல் கார்களில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் அதைப் பாழாக்கும் என்பதால் அந்தக் கார்களுக்கு ஈயமில்லாப் பெட்ரோலும் கட்டாயமானது. இந்த விதிகள் பொருந்தும் இலகு லாரிகளுக்கான வரம்பு பாரத்தோடு சேர்த்து 6,000 பவுண்டு எடை. அந்த ஆண்டே ஃபோர்டு நிறுவனம் அந்த எடையைச் சற்றே தாண்டும்படி எஃப்-150-ஐ இறக்கியது. பிற்காலத்தில் அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற வண்டிகளில் ஒன்று, கன்வர்ட்டரைத் தவிர்க்கும் கணக்கில் பிறந்தது! 1978-ல் டாட்ஜ் வெளியிட்ட லில் ரெட் எக்ஸ்பிரஸும் அதே இடுக்கில் நுழைந்தது. கேபினுக்குப் பின்னால் இருபுறமும் நிமிர்ந்து நின்ற குரோம் புகைக்குழாய்கள், கன்வர்ட்டர் கிடையாது. 1979-ல் வரம்பு 8,500 பவுண்டாக உயர்ந்ததும் அந்த இடுக்கு அடைபட்டது. புகைக்குழாயின் வடிவத்தை என்ஜினைவிட எடைச் சீட்டு தீர்மானித்த காலம் அது. ஆலைகளே அப்படி நடந்துகொண்டபோது கன்வர்ட்டரை அறுத்துவிட்டு வெறும் குழாயை மாட்டிய ஊர்க்காரனை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமாகாது.

ஆனால் நியாயம் அதோடு முடியவில்லை. இரண்டாவது குழாயின் செலவு முழுவதும் உரிமையாளரின் சட்டைப்பையிலிருந்து போனது. கன்வர்ட்டரை அறுத்தெறிந்த மிச்சத்துக்கான விலையைக் கொடுத்தது தெருவில் மூச்சுவிட்ட மற்றவர்கள். தொடக்கத்துக் கன்வர்ட்டர்கள், குறிப்பாக ஜெனரல் மோட்டார்ஸின் மணிகள் நிரப்பிய வகை, என்ஜினை மூச்சுத்திணற வைத்தன என்பது மெய்தான். அதற்குப் பரிகாரம் நல்ல கன்வர்ட்டரே தவிர, கன்வர்ட்டர் இல்லாமை அல்ல. சட்டம் இதைப் படிப்படியாகவே பிடித்தது: 1970-ல் தயாரிப்பாளரையும் விற்பனையாளரையும் மட்டும் கட்டுப்படுத்திய தடை 1977-ல் பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கும், 1990-ல் தனிமனிதருக்கும் நீண்டது. இடையே 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எடுத்த முடிவை இந்த வரலாற்றின் மிக அறிவார்ந்த அடியாக நான் கருதுகிறேன். ஆலைக் கன்வர்ட்டர் பழைய வண்டியின் விலைக்கே சவால் விட்ட நிலையில், மலிவான மாற்றுக் கன்வர்ட்டர்களை விற்க அது அனுமதித்தது. 25,000 மைல் ஓடும்வரை ஹைட்ரோகார்பனிலும் கார்பன் மோனாக்சைடிலும் 70 சதவீதம், நைட்ரஜன் ஆக்சைடில் 30 சதவீதம் குறைக்க வேண்டும் என்பது நிபந்தனை. புதிய பாகத்தின் அளவுக்கு இது நிற்காது என்று குறை சொன்னவர்கள் சொன்னது சரி. 2009 முதல் கலிஃபோர்னியா தன் எல்லைக்குள் மாற்றுக் கன்வர்ட்டர்களுக்கு இதைவிடக் கடுமையான தரத்தை விதித்தது. ஆனால் 1986-ல் வண்டிக்காரனின் முன்னிருந்த தேர்வு, வாங்க முடிந்த மலிவுக் கன்வர்ட்டருக்கும் வெறும் குழாய்க்கும் இடையே. தேன்கூட்டு வடிவ மாற்றுக் கன்வர்ட்டர், அலுமினியப் பூச்சிட்ட எஃகுக் குழாய், தடை குறைந்த ஒற்றைச் சைலன்சர் என்ற சேர்க்கை பழைய பிக்கப்களுக்கு வழக்கமான மாற்றாக ஊர்ப் பட்டறைகளில் நிலைத்தது அதற்குப் பிறகுதான்.